ஐந்தாம் தொட்டியின் நிறம்

மூணாறு ஆஸ்பத்திரியிலிருந்து இந்து திரும்பி வந்தபோது அவள் கையிலிருந்த சீட்டில் நல்ல செய்திதான் எழுதியிருந்தது. இரண்டு கண்ணிலும் பார்வைக் குறை இல்லை, நிறம் பிரித்துப் பார்ப்பதிலும் பழுதில்லை. அதைப் படித்த பெரியமுத்து மறுபடியும் முதலிலிருந்து படித்தார். மருமகளுக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று கேட்டு மாமனார் கலங்கிப்போனார் என்றால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் விஷயம் அப்படித்தான். கண்ணில் கோளாறு என்றால் ஒரு கண்ணாடியோடு போயிருக்கும். கண் சரி என்றால் கவனம் சரியில்லை என்று ஆகிறது. கவனத்துக்கு யாரும் கண்ணாடி எழுதித் தருவதில்லை. தேயிலை பறிக்கக் கொழுந்துக் காட்டுக்குத் திரும்பிப் போ என்ற உத்தரவைத்தான் தருவார்கள்.

சித்தாம்பாறை எஸ்டேட், மூணாறிலிருந்து மறையூருக்கு இறங்குகிற ரோட்டில், மழை முடிந்து வெயில் தொடங்குகிற மலை முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேல் டிவிஷனில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் கீழ் டிவிஷன்காரர்கள் வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருப்பார்கள். ஒரே எஸ்டேட், ஒரே கம்பெனி, ஒரே போனஸ், ஆனால் வானம் மட்டும் இரண்டு. ஃபேக்டரிக்கு வந்து சேரும் இலையும் பாதி சொட்டச் சொட்ட வரும், பாதி உலர்ந்து வரும்.

வந்த இலையை அப்படியே மெஷினில் போட முடியாது. ஃபேக்டரி மாடியில் நீளநீளமான பன்னிரண்டு வாட்டுத் தொட்டிகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. அவற்றில் இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்றாடி ஊத, மறுநாள் காலை வரை வாடவிட வேண்டும். ஈரம் வேண்டிய அளவுக்கு இறங்கியதும் கீழே இலையைக் கசக்கி அரைக்கும் ரோலருக்கு இறக்க வேண்டும். முந்தினால் ரோலரில் சாறு வழிந்து கூழாகிவிடும். பிந்தினால் சருகாகிவிடும். 'இப்போது இறக்கு' என்று சொல்கிற ஆள்தான் மாடிக்கு ராஜா. பெரியமுத்து நெடுங்காலம் அந்த ராஜாவாக இருந்தவர். ஒரு பிடி இலையை உள்ளங்கையில் அமுக்கி விரித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பிறகு ஏதோ தரச் சான்றிதழ் வந்தது. இலையில் வெறுங்கை படக்கூடாது என்று விதி வந்தது. கையோடு பெரியமுத்துவின் ராஜாங்கமும் போயிற்று. தொட்டிகளில் ஈரம் அளக்கும் கருவிகளைச் சொருகி, மாடிச் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார்கள். அதில் தொட்டிக்கு ஒரு கட்டமாகப் பன்னிரண்டு கட்டங்கள். இலை நிறைய ஈரமாக இருந்தால் கட்டம் கடும் பழுப்பாகத் தெரியும். வாட வாட வெளிறிக்கொண்டே வரும். 'இந்த நிறம் வந்தால் இறக்கு' என்று ஓரத்தில் ஒரு மாதிரி நிறமும் இருந்தது. அதைப் பார்த்துத் தொட்டி இறக்க, கம்ப்யூட்டர் படித்திருந்த இந்துவை மாடியில் போட்டார்கள். பெரியமுத்துவை 'அனுபவம் வேணும் அண்ணா' என்று மரியாதையாகச் சொல்லிக் கீழே அரைத்த இலையைக் காயவைக்கும் டிரையர் பக்கம் அனுப்பினார்கள். மரியாதையாகத் தள்ளினாலும் தள்ளுவது தள்ளுவதுதான். அவர் அந்த டிவியை அன்றிலிருந்து பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லை, 'அந்தப் பலகை' என்பார்.

இந்து நன்றாகத்தான் பார்த்தாள். அவளுக்கு முன்பு கொழுந்துக் காட்டிலிருந்து எந்தப் பெண்ணும் மாடிப் பொறுப்புக்கு வந்ததில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மற்ற பெண்கள் அவளைச் சொல்லித் தங்கள் பிள்ளைகளைப் படிக்க விரட்டினார்கள். மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டும் அவள் புருஷன் அஜய், 'என் ஒய்ஃப் ஃபேக்டரி இன்சார்ஜ்' என்று வருகிற சவாரியிடமெல்லாம் சொல்லி வைத்தான்.

அப்படி இருக்கையில்தான் ஒரு மழைக்காலக் காலையில் அவள் ஐந்தாம் தொட்டியை இலை வாடுவதற்கு முன்பே இறக்கிவிட்டாள். ரோலர் ஓட்டும் சங்கையா கூச்சல் போட்டு மெஷினை நிறுத்துவதற்குள் அது முழுக்கக் கூழாகி, முன்னால் அரைத்து வைத்திருந்த நல்ல இலையோடும் கலந்துவிட்டது. வெளிநாட்டு ஆர்டருக்கென்று எடுத்து வைத்த சரக்கு. சாம்பிள் குடித்துப் பார்த்தவர்கள் முழுவதையும் திருப்பி விட்டார்கள்.

ஃபேக்டரியின் பொறுப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஜிஜோ கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் பலகையின் பதிவை எண் கணக்காக எடுத்துப் பார்த்ததில் ஒன்று கண்டுபிடித்தார். அந்தக் காலையில் ஐந்தாம் தொட்டியிலும் ஒன்பதாம் தொட்டியிலும் ஈரம் ஒரே அளவு. இரண்டு கட்டத்துக்கும் பலகை காட்டியது ஒரே நிறம். அதில் ஒன்பதை இன்னும் வாடட்டும் என்று சரியாக விட்டவள், ஐந்தை இறக்கியிருக்கிறாள். ஒரே நிறத்தைப் பார்த்து இரண்டு முடிவு எடுத்தவளுக்குக் கண்ணில் குறை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் கண் வேறெங்கோ இருந்திருக்க வேண்டும். அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

சீட்டைப் பார்த்த பிறகு ஜிஜோ பெரியமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கருவி மாட்டிய கம்பெனியிலிருந்து ஆள் வரப்போகிறது. கருவியில் தப்பு இருந்தால் பலகையைக் கழற்றிவிடலாம், உறை போட்ட கையோடு அண்ணா மேலே வந்து பழையபடி பார்க்கலாம், அதற்கு விதியில் இடம் உண்டு என்று மேலிடத்தில் கேட்டுவிட்டேன். கருவியில் தப்பில்லை என்றால் இந்து காட்டுக்குப் போக வேண்டியதுதான், எனக்கும் வேறு வழியில்லை.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும் பெரியமுத்துவுக்கு. பலகை போனால் ராஜாங்கம் திரும்புகிறது, மருமகள் பெயரும் தப்பிக்கிறது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் அரித்தது. கருவி சரியாக இருந்துவிட்டால்? அதைவிட, இந்து உண்மையிலேயே அசட்டையாக இருந்திருந்தால்?

வீட்டில் இந்து சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு தடவைதான் வாய் திறந்தாள்.

"நான் பாத்துத்தான் மாமா இறக்கச் சொன்னேன். அஞ்சு வெளுத்திருந்துச்சு, ஒம்பது கறுத்திருந்துச்சு. ரெண்டும் ஒரே நிறம்னு சார் காட்டுறாரு. அப்ப என் கண்ணு என்னத்தப் பாத்துச்சு?"

 நம்பினேன் என்று சொல்லப் பெரியமுத்துவுக்கு நாக்கு எழவில்லை, நம்பவில்லை என்று சொல்ல மனசு எழவில்லை. ரசத்தை ஊற்றச் சொன்னார்.

கம்பெனியிலிருந்து வந்த ஆள் மோனிஷா என்ற பெண். சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தேயிலை லயத்தில் பிறந்து வளர்ந்து, பெங்களூரில் படித்து, இப்போது கொச்சியில் வேலை. என்ன படிப்பு என்று விசாரித்ததில், மனிதக் கண் எப்படிப் பார்க்கிறது, அதற்குத் தக்க மாதிரி கணக்கையும் அளவையும் எப்படிப் படமாக வரைவது என்பதுதான் படிப்பு என்றாள். பெரியமுத்துவுக்குச் சிரிப்பாக வந்தது. கண் பார்ப்பதைப் படிக்க ஒரு காலேஜ் என்றால், வாய் தின்பதைப் படிக்கவும் ஒன்று வைத்திருப்பார்கள் என்று சங்கையாவிடம் சொன்னார்.

அவள் பன்னிரண்டு தொட்டியிலும் இலை எடுத்து, தன் கருவியில் வைத்து அளந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஜிஜோ பெருமூச்சு விட்டார். இந்து கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இனி தன் இடம் இதுவல்ல என்பதுபோல் ஒதுங்கி நின்றாள். பெரியமுத்துவால் அதைப் பார்க்க முடியவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மகன் கட்டிவந்த பெண்ணுக்கும் அந்தச் சதை ஆடும் என்பதை அவர் அன்றைக்குத்தான் அறிந்தார்.

சாதாரணமாகக் கம்பெனி ஆட்கள் இந்த இடத்தில் பையை மூடிவிட்டுப் பேருந்துக்கு நேரம் கேட்பார்கள். இந்தப் பெண் பையை மூடவில்லை. இந்துவிடம் போய், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்காமல், அன்றைக்கு எங்கே நின்றாய் என்று கேட்டாள். இந்து இடத்தைக் காட்டினாள். மோனிஷா பலகையில் அந்தக் காலையின் பதிவை அப்படியே திரும்ப வரவழைத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தேநீர் வந்து ஆறியது. பிறகு மாடியில் வேலை செய்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஐந்தும் ஒன்பதும் இருக்கிறதே, எது ஈரம் என்று கேட்டாள். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாதபடி கேட்டாள்.

சங்கையா இதைக் கீழிருந்து பார்த்துவிட்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதற்கு இப்போது கூடத்தை அளக்க ஆள் வந்திருக்கிறது என்றார். அவரையும் அவள் கூப்பிட்டாள். அவரும் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்பதுதான் ஈரம், இது தெரியாதா என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்லிவிட்டு வந்த பிறகு, பாதிப் படியில் நின்று, தான் என்ன சொன்னோம் என்று யோசித்தார்.

பெரியமுத்துவின் முறை வந்தது. அவர் சும்மா போகவில்லை. இரண்டும் ஒரே நிறம் என்று முன்பே அவருக்குத் தெரியும், ஜிஜோ பதிவைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். ஆகவே ஒரே நிறம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனார். பலகையைப் பார்த்தார். ஐந்தாம் கட்டம் காய்ந்த வைக்கோல் போல வெளுத்திருந்தது. ஒன்பதாம் கட்டம் நனைந்த மண் போலக் கறுத்திருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் அப்படியே இருந்தது. மோனிஷா பக்கத்தில் காத்திருந்தாள். பொய் சொல்வதா, மெய் சொல்வதா என்று புரியாத நிலை அவருக்கு. பதிவைச் சொன்னால் கண்ணுக்குப் பொய், கண்ணைச் சொன்னால் பதிவுக்குப் பொய்.

"ஒம்பதுதாம்மா ஈரம்" என்றார் கடைசியில்.

அவள் பையிலிருந்து, மடித்து வைத்திருந்த ஒரு பெரிய சாம்பல் நிற அட்டையை எடுத்து விரித்தாள். அதில் இரண்டு ஓட்டை வெட்டியிருந்தாள். பலகையின் மேல் அதைப் பொருத்தியதும் மற்ற கட்டமெல்லாம் மறைந்து, ஐந்தும் ஒன்பதும் மட்டும் ஓட்டை வழியாகத் தெரிந்தன. இரண்டும் ஒரே நிறம். துளி வித்தியாசம் இல்லை. அட்டையை எடுத்தாள், ஐந்து வெளுத்தது, ஒன்பது கறுத்தது. வைத்தாள், ஒன்றாயின. பெரியமுத்து அட்டையைத் தானே வாங்கி வைத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். உண்மை இன்னதென்று தெரிந்த பிறகும் கண் தன் பிடிவாதத்தை விடவில்லை. கண்ணால் கண்டதும் பொய் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். அது தன் கண்ணையே சொன்னது என்று அவர் நினைத்ததில்லை.

ஜிஜோவைக் கூப்பிட்டு வந்தார்கள். அவரும் ஒன்பது என்றார். அட்டை வைத்ததும் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அட்டையை வைப்பதும் எடுப்பதுமாக அவர் நின்ற நிலையைப் பார்த்து மாடியே சிரிப்பை அடக்கிக்கொண்டது.

மோனிஷா அதற்குப் பிறகுதான் விளக்கினாள், அதுவும் பாடம் நடத்துகிற தோரணை இல்லாமல். கண் எந்த நிறத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதோடு வைத்துத்தான் பார்க்கிறது. வெள்ளை வேட்டி வெயிலில் இருந்தாலும் நிழலில் இருந்தாலும் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறதே, அது இந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான். அப்படிப் பார்க்காத கண் என்றால் மரத்தடிக்குப் போனவுடன் வேட்டி அழுக்காகத் தெரியும். அந்தக் காலையில் ஐந்துக்கு இரண்டு பக்கமும் மேல் டிவிஷனின் மழை இலை, கருகருவென்று. அதற்கு நடுவில் ஐந்து வெளுத்துத் தெரிந்தது. ஒன்பதுக்கு இரண்டு பக்கமும் கீழ் டிவிஷனின் வெயில் இலை, வெளிறி. அதற்கு நடுவில் ஒன்பது கறுத்தது. வேறு ஃபேக்டரிகளில் எல்லா டிவிஷனிலும் ஒரே வானம், இலையும் ஏறக்குறைய ஒரே ஈரம், அதனால் இந்தப் படம் அங்கே யாரையும் ஏமாற்றவில்லை. இங்கே மழையும் வெயிலும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் வந்து படுத்துக்கொள்கின்றன என்பதைப் படம் போட்டவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஜிஜோ லேசில் விடவில்லை. கட்டத்துக்குக் கீழே ஈரத்தின் அளவும் எண்ணில் எழுதியிருக்கிறதே, அதைப் படித்திருக்கலாமே என்றார். மோனிஷா அதற்கும் கோபப்படவில்லை. நீங்கள் இப்போது எண்ணைப் படித்தீர்களா சார் என்று மட்டும் கேட்டாள். அவர் படிக்கவில்லை. நிறம் பதில் சொல்லிவிட்ட பிறகு, பதில் தெரிந்த கேள்வியை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

"ஒருத்தர் தப்பாப் பாத்தா கவனக்குறைவுன்னு சொல்லலாம் சார். எல்லாரும் அதே தப்பைத்தான் பண்றாங்கன்னா தப்பு படத்துல இருக்கு. நாங்க வரைஞ்ச படம். இந்து கண்ணு நல்ல கண்ணு, அதனாலதான் அதுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு."

தன் கம்பெனி செய்த வேலையைத் தன் வாயால் தப்பு என்று சொல்லுகிற ஆளைப் பெரியமுத்து அதுவரை பார்த்ததில்லை. எந்தக் கம்பெனிக்காரனும் மழைமேல் போடுவான், வேலைக்காரன்மேல் போடுவான், கடைசியில் கரண்ட்மேல் போடுவான். இந்தப் பெண் தன்மேல் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவருக்கு அவளை அந்த நிமிஷத்திலேயே பிடித்துப்போயிற்று. காலேஜைப் பற்றிச் சொன்ன வார்த்தையை மனசுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜிஜோ அட்டையைக் கீழே வைத்துவிட்டு, அப்படியென்றால் பலகையே வேண்டாம் என்றார். பெரியமுத்து அண்ணா மேலே வரட்டும். இந்துவைத் தண்டிக்கவில்லை, ஆனால் மாடியில் இரண்டு பேருக்கு வேலை இல்லை, பலகை இல்லாமல் அவளுக்கு இங்கே என்ன வேலை? காட்டில் மரியாதையாக ஒரு இடம் பார்த்துத் தருகிறேன். பெரியமுத்துவின் பக்கம் திரும்பி, அண்ணா என்ன சொல்றீங்க என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இந்து பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். குற்றமற்றவள் என்று ஆன பிறகும் போகத்தான் போகிறாள். பெரியமுத்துவுக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் அவரைவிடப் பெரிய புளுகன் கிடையாது. அந்த மாடியின் வாசனை அவருக்குக் கனவில் வரும். ஆமாம் சார் என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. அப்போது மோனிஷா, அண்ணாச்சி, எனக்கு நாளைக் காலைவரை நேரம் வாங்கிக் கொடுங்க என்றாள். கெஞ்சலாகக் கேட்கவில்லை. உங்கள் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்து கேட்டாள்.

நாளைக்குச் சொல்கிறேன் சார் என்றார் பெரியமுத்து. சொல்லிவிட்டுத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ளாத குறை.

அன்று பகல் முழுக்க அவர் டிரையரை விட்டுவிட்டு ஏதாவது சாக்கில் மாடிக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். மோனிஷா லேப்டாப்பை மடியில் வைத்திருந்தாள். ஆனால் அதைவிட அதிகமாக இந்துவோடு பேசிக்கொண்டிருந்தாள். இந்த எஸ்டேட்டில், தேடாமலே சட்டென்று உன் கண்ணில் படுவது எது என்று கேட்டாள். இந்து முதலில் யானை என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இந்து யோசித்துச் சொன்னாள்.

"காட்டுல கத்தரிக்கோல் போட்டு மட்டமா வெட்டிட்டு வருவோம்லக்கா, அதுல ஒரே ஒரு கொழுந்து விட்டுப்போய் நீட்டிக்கிட்டு நின்னா போதும். கீழ ரோட்டுல போற சூப்பர்வைசர் கண்ணுலகூடப் பட்டுரும். ஏச்சு வாங்காத ஆளே கிடையாது."

மோனிஷா லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தே விட்டாள். ஜன்னலுக்குப் போய்ச் சரிவைப் பார்த்தாள். வெட்டிய தேயிலை மேசைப் பலகை போலக் கிடந்தது. அவளும் லயத்துப் பிள்ளைதான், அவள் அம்மாவும் அந்த ஏச்சு வாங்கியவள்தான். ஆனால் இத்தனை படித்தும் எனக்கு இது தோணலையே என்று வெட்கமில்லாமல் சொல்லி, இந்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நிறத்தில் கண் ஏமாறும், மட்டத்தில் ஏமாறாது என்றாள். ஒரு கோட்டுக்கு மேலே மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் கண் பிடித்துவிடும். எதில் கண் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறதோ அந்தக் கேள்வியைத்தான் அதனிடம் கேட்க வேண்டும், தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்டு அதைத் திட்டக்கூடாது. பெரியமுத்து படிக்கட்டில் நின்று இதைக் கேட்டார். மனிதர்களுக்கும் இது பொருந்தும் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மேலே நல்ல மழை, கீழே நல்ல வெயில். பலகையில் பழைய கட்டங்கள் இல்லை. தொட்டிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தண்டுகள், எல்லாம் ஒரே தரையிலிருந்து எழுந்து நின்றன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஈரம் அதிகமாக இருந்தால் தண்டு உயரம், வாட வாட இறங்கி வரும். குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடியது. தண்டின் தலை கோட்டைத் தொட்டால் இறக்க வேண்டியது, அவ்வளவுதான். ஈர அளவின் எண்களைக்கூட எடுத்துப் பலகையின் ஓரமாக வைத்துவிட்டாள். பார்க்க வெகு சாதாரணமாக இருந்தது. இதற்கா ஒரு பகல் என்று கேட்கத் தோன்றும் அளவுக்குச் சாதாரணம்.

மோனிஷா பலகையை அட்டையால் மறைத்து வைத்து, கண் சிமிட்டும் நேரம் மட்டும் திறந்து காட்டி, எது இறங்கத் தயார் என்று கேட்டாள். ஜிஜோ சொன்னார், சரி. சங்கையா சொன்னார், சரி. பழைய பதிவையும் இந்தப் படத்தில் போட்டுக் காட்டினாள். ஐந்தும் ஒன்பதும் ஒரே உயரத்தில், கோட்டுக்கு மேலே, இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன. அந்தக் காலையில் இந்தப் படம் இருந்திருந்தால் குழந்தைகூட ஐந்தை இறக்கியிருக்காது.

பெரியமுத்து உறை போட்ட கையோடு தொட்டிகளைச் சுற்றி வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அமுக்கிப் பார்த்தார். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு அகப்படாதா என்று பார்த்தார். அவர் கை சொன்னதும் கோடு சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. அவர் மூன்றாம் தொட்டியில் இருக்கும்போதே இந்து வாசலில் நின்று பன்னிரண்டையும் பார்த்து முடித்திருந்தாள். அவருக்கு வலித்தது. வலித்துக்கொண்டே, எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாள் இந்தப் பெண் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் இருந்தது.

ஜிஜோ அவர் முகத்தைப் பார்த்தார். அண்ணா ஒரு வார்த்தை சொன்னால் போதும், பலகை இருந்தாலும் மேற்பார்வைக்கு நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். அது நல்ல மனசோடு சொன்னதுதான். மாடியில் நின்றவர்களெல்லாம் கேட்கும்படி பெரியமுத்து பதில் சொன்னார்.

"மேல எனக்கு வேலையில்ல சார். பாக்குறதுக்கு இந்து இருக்கா. அன்னிக்கும் அவ கவனமாத்தான் பாத்திருக்கா. வீட்டுல வச்சு எங்கிட்ட சொன்னா, நான்தான் நம்பாம ரசம் ஊத்தச் சொன்னேன். இந்த மாடிய அவகிட்டயே விடுங்க."

ஜிஜோ எல்லோர் முன்னாலும் இந்துவிடம், அந்தக் காலையில் நான் நின்றிருந்தாலும் ஐந்தைத்தான் இறக்கியிருப்பேன், இது உன் ஷிஃப்ட் என்று சொன்னார்.

கூழான சரக்கைக் கழுவியபோதும், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோதும், துடைப்பத்தைச் சாய்த்து வைத்தபோதும் அழாத இந்து அப்போது அழுதாள். முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மோனிஷா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. பெரியமுத்து எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காற்றாடியைப் பார்த்தார். சங்கையாதான் கீழிருந்து, ரோலர் காலியாக ஓடுகிறது, அழுது முடித்தால் இலையை அனுப்புங்கள் என்று குரல் கொடுத்தார்.

இந்து நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். கண் முழுக்க நீர். எதிரில் நிற்பவர் முகம்கூட அவளுக்குக் கலங்கித்தான் தெரிந்திருக்கும்.

"ஏழு கோட்டுக்கு வந்துருச்சு, இறக்குங்க" என்றாள்.

மோனிஷா பலகையின் ஓரத்துக்குப் போய் ஏழாம் தொட்டியின் ஈர எண்ணைப் பார்த்தாள். ஏழு வந்திருந்தது.